ஆளில்லாமல் எடுத்த படங்கள்

1

இன்று மாலை பெருமுக்கல்காரர் வருகிறார். மரக்காணத்தில் இருக்கும் எங்கள் அப்பாவின் வீட்டுப் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, வீட்டை வாங்கும் பேச்சை முடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. படங்கள் மேசை இழுப்பறையில் ஒரு பழுப்பு உறைக்குள் இருக்கின்றன. காலையிலிருந்து அந்த இழுப்பறையை நான் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

அவர் பெயரை எழுதுவது முறையில்லை. பெருமுக்கல்லில் பிறந்து, சிறு வயதிலேயே கப்பலேறி, இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகைக்கடை வைத்து நன்றாக இருப்பவர். கடைசிக் காலத்தில் ஊர்ப் பக்கம் போய்க் கடற்காற்றில் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. என் தம்பி ஏழுமலைக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. இந்த வாரக் கடைசியில் புறப்படுகிறான். அவன் போனால் அவன் மனைவி அஞ்சலை இரண்டு பிள்ளைகளோடு வானூரில் தன் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். கண் தெரியாத அப்பாவை நான் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். வீட்டை விற்க வேண்டும். கடிதத்தில் இதையெல்லாம் அவனும் நானும் எழுதி எழுதி முடிவு செய்தபோது எவ்வளவு ஒழுங்காக இருந்தது!

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் மகள் சுமதியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனது இந்த வேலைக்காகத்தான். திரும்பி வந்து வாரங்கள் ஆகின்றன. இன்னும் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு, என்ன எழுத வந்தேன் என்று மறந்துபோகிறேன்.

2

அப்பாவுக்கு அனுமதி வாங்குவதற்காகக் குடிநுழைவு அலுவலகத்தின் நீளமான பெஞ்சில் எத்தனையோ காலைகள் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமான மகள் தகப்பனைக் கேட்டு விண்ணப்பிப்பது அங்கிருந்த அதிகாரிக்குப் புரியவில்லை. “மகன் இருக்கிறானே?” என்றார். மகனும் வெளிநாடு போகிறான் என்றேன். “எல்லோரும் கிளம்பிவிட்டால் ஊரில் யார் இருப்பார்கள்?” என்று கேட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய பாட்டனாரும் எங்கிருந்தோ கப்பலேறி வந்தவர்தானே.

கடைசியாக, உங்கள் அப்பா யார் துணையும் இல்லாமல் நடமாடுவாரா என்று கேட்டார். “வீட்டுக்குள் நன்றாக நடப்பார்” என்றேன். ஆம் என்று குறித்துக்கொண்டார். எந்த வீட்டுக்குள் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அது தோன்றவில்லை.

நான் சொன்னதில் பொய் இல்லை. அப்பா உப்பளத்தில் எடை பார்க்கும் வேலையில் இருந்தவர். நாள் முழுக்க அந்த வெள்ளையைப் பார்த்த கண்கள் சிறிது சிறிதாகப் போயின. ஆனால் புதிதாக வீட்டுக்கு வருகிறவருக்கு அவருக்குப் பார்வை இல்லை என்று தெரியவே நேரமாகும். சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தால் வலது கைக்கு நெல் கொட்டி வைத்திருக்கும் தகர டிரம். அதன் விளிம்பு முடிந்ததும் பெஞ்சின் முனை. பெஞ்சு முடிந்ததும் பீரோவின் கைப்பிடி. அதற்கப்பால் சுவர். சுவரைத் தொட்டபடி போனால் பின்கட்டு. விரல் நுனி பட்டதும் படாததுமாகப் போவார். பிள்ளைகள் விளையாட்டில் பெஞ்சை ஒரு சாண் நகர்த்திவிட்டால் அஞ்சலை அடுப்படியிலிருந்தே கத்துவாள்: “டேய், தாத்தா பெஞ்சை எவன்டா இழுத்தது?”

3

வெறும் வீடாகப் படம் வேண்டும் என்று கேட்டவர் பெருமுக்கல்காரர்தான். அதற்குக் காரணம் இருந்தது.

“தப்பா நெனைக்காதம்மா. நம்ம ஊர்ப் பக்கத்து வீடுங்களைப் பத்தி எனக்குத் தெரியும். அடிச்சுவருல உப்பு ஏறிப் பொரிஞ்சு கெடக்கும். அது முன்னால ஒரு டிரம்மையோ பீரோவையோ வச்சு மறைச்சுடுவாங்க. சாமானையெல்லாம் வெளியே எடுத்துட்டு, சுவத்தோட கால் தெரியற மாதிரி எடுக்கச் சொல்லு” என்றார்.

சுமதிக்கு வேறு காரணம். இங்கே ஆங்கிலப் பத்திரிகையில் விற்பனைக்கு வரும் வீடுகளின் படங்களைப் பார்க்கிறவள் அவள். அதில் துணிக்கொடி கிடையாது, காலண்டர் கிடையாது, மனிதர்களும் கிடையாது. பதினைந்து வயது. பள்ளியில் சீனத் தோழிகளுக்கு அவள் ‘சூ’. என்னிடம் தமிழில் பேசத் தொடங்கி இரண்டாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் எனக்கு, என் வீட்டுக்குள் அதைப் பிடித்துவைக்க முடியவில்லை. ஊருக்கு வர முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவள், படத்தை எப்படி எடுப்பது என்று பார்க்கும் பொறுப்பை அவளிடம் விட்டதும் உற்சாகமானாள். அதில் எனக்கும் சந்தோஷம். தாத்தா வீட்டில் அவள் கை படுகிற ஒரு வேலை.

கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, நீலம் கலந்து, இரண்டு பூச்சு அடித்தோம். சுவரிலிருந்து அம்மாவின் படத்தை, சாமி படங்களை, மாமனின் ராணுவ உடைப் படத்தை எல்லாம் இறக்கினோம். “அம்மா, இந்த ஆணியெல்லாம் ரொம்ப அசிங்கமா இருக்கு, ரிமூவ் பண்ணச் சொல்லுங்க” என்றாள் சுமதி. ஏழுமலை ஆணிகளைப் பிடுங்கினான். படம் எடுக்கும் நாள் காலையில் அவனும், அடுத்த வீட்டில் கடை வைத்திருக்கும் காசிம் பாயும் சேர்ந்து சாமான்களைப் பின்புறம் இருந்த பாயின் கோணிக் கிடங்குக்குத் தூக்கிப் போனார்கள். முதலில் நாற்காலி, அப்புறம் டிரம், அப்புறம் பெஞ்சு, பீரோ.

அப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கூடத்துக்குள் வந்தார். வழக்கம்போல் கையை நீட்டினார். பீரோ இல்லை. இரண்டடி வைத்தார். பெஞ்சு இல்லை. கூடத்தின் நடுவில், கை அப்படியே காற்றில் இருக்க, நின்றார். பிறகு சுவரைத் தேடி இடது பக்கம் திரும்பினார்.

“அப்பா, சுவத்தைத் தொடாதீங்க, சுண்ணாம்பு காயல!” என்று ஏழுமலை ஓடி வந்து அவர் கையைப் பிடித்தான். பின்வாசலில் பூவரச மர நிழலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தான்.

“வேலை முடியறவரைக்கும் இங்கியே இருங்கப்பா.”

“எத்தினி நேரம்டா?”

“தோ, முடிஞ்சிரும்.”

4

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ஸ்டுடியோக்காரர் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, “யாரும்மா நிக்கப் போறது?” என்றார்.

“யாரும் இல்ல. வீட்டை மட்டும் எடுங்க.”

“வூட்டை மட்டுமா?” அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “கண்ணாலத்துக்கு எடுக்கறேன், காது குத்துக்கு எடுக்கறேன், ஆள் செத்துட்டா நாற்காலியில உக்கார வச்சும் எடுக்கறேன். வெறும் வூட்டை ஒரே ஒரு வாட்டிதான் எடுத்தேன், கோர்ட்டு கேசுக்கு. அதுலகூட ஜப்திக்கு வந்த அமீனா தலையை வாரிக்கினு வந்து நின்னுட்டாரு.”

எதிர்வீட்டு அம்மாள் பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கை வைத்தார்.

“அடியே அஞ்சலை, ஆளை வுட்டுட்டுச் சுவத்தைப் போட்டோ புடிக்கிறீங்களா? சுவத்துக்கு என்ன, சிங்கப்பூர் மாப்பிள்ளை பாக்கறீங்களா?”

“ஆமாக்கா, அதான் ரெண்டு கோட்டு பவுடர் போட்டிருக்கோம்” என்றாள் அஞ்சலை. எல்லோரும் சிரித்தோம். அன்று நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

கூடத்தைப் படம் எடுக்கக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட ஸ்டுடியோக்காரர் உள்ளிருந்தே கத்தினார்: “பெரியவரே! தள்ளிக்கோங்க, படத்துல விழுறீங்க!”

பின்கட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். வெயில் திரும்பி முக்காலியின் மேல் விழுந்திருக்க வேண்டும்.

“தாத்தா, படத்துல யாரும் இருக்கக் கூடாது” என்றாள் சுமதி.

“அங்கியே இருங்கன்னு சொன்னேன்லப்பா. இன்னும் முடியல” என்றான் ஏழுமலை.

“சரிப்பா, சரிப்பா” என்று சொல்லி, அப்பா பின்னால் ஓரடி வைத்தார். வாசல் காலியாயிற்று. கேமராவில் ‘டப்’ என்று ஓர் ஓசை. யாரும் அவரைக் கொண்டுபோய் உட்கார வைக்கவில்லை.

5

எல்லாம் முடிந்து, ஸ்டுடியோக்காரர் பஸ்ஸுக்குப் போனபின், அஞ்சலை அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“அண்ணி, மாமா இல்ல.”

எங்கள் தெருவின் பின்புறத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிடங்கையும் வேலியையும் தாண்டினால் ஒரு வரப்பு. அந்த வரப்பில் போனால் உப்புப் பாத்திகள். பாத்திகளில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் அவற்றுக்கும் அப்பால் பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. அதில் விழுந்தால் கண் உள்ளவனே கரையேறத் தடுமாறுவான்.

நான் செருப்பில்லாமல் ஓடினேன். நடுப்பகல் உப்பளத்தில் மேலிருந்தும் வெயில், கீழிருந்தும் வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தூரத்தில் நின்ற ஒவ்வோர் ஆளையும் அப்பா என்று நினைத்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு வந்தார்கள். “இந்தப் பக்கம் வரலியேம்மா” என்றார்கள். “அப்பா! அப்பா!” என்று நான் கத்திய குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. சுமதி “தாத்தா! தாத்தா!” என்று வரப்பு வரப்பாக ஓடினாள். அவள் தமிழில் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. ஏழுமலை கால்வாயில் இடுப்பளவு இறங்கி, காலால் அடியைத் துழாவிக்கொண்டு நடந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் எதைத் தேடி அப்படித் துழாவுகிறான் என்று தெரிந்தது.

அப்போதுதான் வேலிப் பக்கமிருந்து காசிம் பாயின் குரல் கேட்டது.

“ஏம்பா ஏழுமலை! மேல வாப்பா! ஒங்க அப்பா இங்க குந்திக்கினு இருக்காரு!”

கோணிக் கிடங்கில், இருட்டில், அப்பா தன் சாய்வு நாற்காலியில் இருந்தார். தூக்கிப் போன வரிசையிலேயே இறக்கி வைத்திருந்ததால் அவருடைய வலது கைக்கு டிரம் இருந்தது. அதற்கடுத்து பெஞ்சு. அதற்கடுத்து பீரோ. பீரோவின் பின்னால் அவர் இருப்பது வாசலிலிருந்து தெரியவில்லை. வீடு போயிருந்த இடத்துக்கு அவர் தடவித் தடவி வந்து சேர்ந்திருந்தார்.

காலடி ஓசை கேட்டு முகத்தைத் தூக்கி, தாழ்ந்த குரலில் கேட்டார்: “எடுத்து முடிச்சாச்சா?”

“அப்பா, இவ்ளோ நேரம் கத்தினோமே, காதுல விழலியா?” என்றான் ஏழுமலை. அவன் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“விழுந்துதுப்பா. இன்னும் தள்ளிப் போவச் சொல்றீங்கன்னு நெனச்சேன். படத்துல விழக் கூடாதுன்னாங்களே. அதான் அசையாம இருந்தேன்.”

சுமதி அங்கேயே கோணி மூட்டையின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவுக்கு அவள் அழுவது கேட்டது. “யாரு, பாப்பாவா? ஏன் அழுவுது? படம் நல்லா வரலியா?” என்றார்.

6

சாமான்களைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தபோதே எனக்கும் ஏழுமலைக்கும் பேச்சு முற்றியது. நடந்தது ஒன்றுதான். அவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்று, நான் எடுத்துக்கொண்டது இன்னொன்று.

“பாத்தியாக்கா? இதுக்குத்தான் நான் சொன்னேன். நாலு பேரு வூட்டுல இருக்கும்போதே இப்படி ஆவுது. நான் துபாய்ல இருக்கும்போது ஆனா? எனக்கு அங்க தூக்கம் வர வேணாமா? சீக்கிரம் வித்துட்டு நீ கூட்டிக்கினு போயிடு.”

“ஒரு நாள் சாமானை எடுத்ததுக்கே இந்தக் கதி. ஒன்பதாம் மாடியில, புது வீட்டுல என்ன செய்வார்? எங்க மாடியில லிஃப்ட்கூட நிக்காது. ஒரு மாடி படியேறணும். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா பகல் முழுக்கத் தனியா இருக்கணும்.”

“அப்ப என்னைப் போவாதன்றியா?”

அப்படி நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. நான் போனவள்.

அஞ்சலை தரையில் சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்: “வானூருக்குப் போறேன்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க ரெண்டு பேருமே லெட்டர் எழுதிக்கினீங்க. என்னை யாரு கேட்டா? எங்க அம்மா வூட்டுல எங்க அண்ணன் பொண்டாட்டி கையிலதான் சோறு. நான் இங்கியே இருப்பேன். ஆனா நான் ஒருத்தியா முடியாது. என் தங்கச்சியைக் கூட்டியாந்து வச்சுக்குவேன். அதுக்கு நாளைக்கு யாரும் வாய் தொறக்கக் கூடாது.”

ஏழுமலை அவளைப் பார்த்தான். “ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு கொழந்தைங்க, கண்ணு தெரியாத கெழவரு. ஏதாவது ஆனா?”

“நீங்க இருக்கும்போதும்தான் ஆச்சு” என்றாள் அவள்.

அப்பா நாற்காலியில்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயரில் இருக்கும் வீடு. அவரிடமும் யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் போய்க் கீழே உட்கார்ந்து, “நீங்க சொல்லுங்கப்பா. என்கூட வர்றீங்களா?” என்றேன்.

அவர் டிரம்மின் விளிம்பைத் தேடிக் கையை நீட்டினார். சற்றுத் தள்ளி வைத்துவிட்டோம் போலும். கை இன்னும் கொஞ்சம் நீண்டது.

“வர்றேம்மா. நீ கூப்ட்டா வராம இருப்பேனா? ஆனா அங்க வந்தா நான் எழுந்து நடக்க மாட்டேன். உக்கார வச்ச எடத்துல இருப்பேன். அது ஒனக்குச் சரின்னா கூட்டிக்கினு போ.”

ஏழுமலை வெளியே போய்விட்டான். நாங்கள் புறப்படும் நாளன்று பஸ் நிலையத்தில்தான் மறுபடியும் அதைப் பற்றிப் பேசினான். திண்டிவனத்தில் வாங்கி வந்த படங்களை என் கையில் கொடுத்துவிட்டு, “அந்தாளுகிட்ட என்ன சொல்லணுமோ நீயே சொல்லு. நீ எது சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் கேக்காத, அவ்ளோதான்” என்றான்.

7

பெருமுக்கல்காரர் வந்து போய்விட்டார்.

மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஸ்டுடியோக்காரர் வேலை தெரிந்தவர். வெள்ளைச் சுவரும் பளபளக்கும் தரையும் அகலமான கூடமுமாக, அங்கே பிறந்து வளர்ந்த எனக்கே அது தெரியாத வீடாக இருந்தது.

“பரவாயில்லையே. சுவத்துக் கால்ல அவ்வளவா உப்பு ஏறல” என்றார். பிறகு, “வீடு காலியாத்தான இருக்குது? தீபாவளிக்கு நான் ஊருக்குப் போறப்போ சாவியை வாங்கிக்கலாமில்ல?”

என் கணவர் என்னைப் பார்த்தார். காலையில் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது, “உங்க அப்பா. உன் முடிவு” என்று சொல்லிவிட்டுப் போனவர். சுமதி அறை வாசலில், புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு நின்றாள்.

“காலி இல்லைங்க. எங்க அப்பா இருக்கார்” என்றேன்.

அவர் படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், எதையோ தவறவிட்டவர் போல. “இதுல யாரும் இல்லியேம்மா?”

“இல்லைங்க. அவரைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு எடுத்தோம்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் படங்களை அடுக்கி, உறையில் போட்டு, மேசைமேல் வைத்தார். “எங்கப்பா போனப்போ எனக்குத் தந்திதான் வந்துது” என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சரியாகத்தான் செய்தேனா என்று தெரியவில்லை. இனிமேல் ஊர் முத்திரையோடு வரும் ஒவ்வோர் உறையையும் பிரிக்கும்போது, கால்வாயில் இடுப்பளவு நின்று துழாவிய ஏழுமலை கண்முன் வருவான். அவன் பயந்ததில் தப்பில்லை. நான் பயந்ததிலும் தப்பில்லை. இரண்டில் ஒரு பயத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஏரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘அன்புள்ள தம்பி ஏழுமலைக்கு’ என்று தொடங்கி, வீட்டை விற்கவில்லை என்று ஒரு வரி எழுதினேன். அடுத்ததாக, அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள் என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. கடிதம் போய்ச் சேரும்போது அவன் அங்கே இருக்க மாட்டான்.

அஞ்சலை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இத்தனை ஆண்டுகளில் அவளுக்கு என்று நான் ஒரு கடிதம் எழுதியதில்லை. மேலே இருந்த பெயரை அடித்துவிட்டு, அவள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். உன் தங்கை எப்போது வருகிறாள் என்று கேட்டேன்.